இத்தாலியன் வெர்ப் வாயில சிக்குதா? எங்க சிக்குதுன்னு பாத்து சரி பண்ணலாம் வாங்க

இத்தாலி போன புதுசுல ஒரு நாள் பஸ்ஸ விட்டுட்டு கிளாஸுக்கு லேட்டா போனேன். அங்க எல்லாரும் இந்த மாதிரி நேரத்துல ஒரு டயலாக் சொல்லுவாங்க, நானும் கெத்தா "ஸோனொ கோஸெ கெ கபிதானொ"ன்னு விட்டேன், "இதெல்லாம் நடக்கறதுதானே"ன்னு சொல்றதா நெனப்பு. கிளாஸே சிரிச்சுது. "நடக்குது"ன்னு சொல்ல 'கா-பி-த-னொ, முதல் அசையில அழுத்தம். நான் மூணாவதுல அழுத்தி க-பி-'தா-னொ ஆக்கிட்டேன், அது கேப்டன். கடைசி அசையில அழுத்தினா க-பி-த-'னொ, "அவன் தலைமை தாங்கினான்". மூணுக்கும் எழுத்து ஒண்ணுதான், கடைசிதுக்கு மட்டும் ஓ தலையில ஒரு சின்னக் கோடு வரும்.

அன்னைக்குதான் உறைச்சுது, நான் மனப்பாடம் பண்ணின டேபிள் எல்லாம் கண்ணுக்கு. தப்பு நடக்கறது காதுலயும் வாயிலயும், அதாவது அசை எங்க பிரியுது, எந்த அசையில வெயிட் விழுதுங்கறதுல. அதனால டேபிள் வரிசையில போகாம, உங்களுக்கு என்ன கோளாறு வருதோ அதை வெச்சு பாக்கலாம்.

எழுதற முறை பத்தி ரெண்டு வார்த்தை. அழுத்தம் விழற அசைக்கு முன்னாடி ' போட்டிருக்கேன். தமிழ்ல க, ச, த, ப ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு சத்தம் இருக்கறதால குழப்பம் வர்ற இடத்துல "பக்கம்"ல வர்ற க, "தங்கம்"ல வர்ற க, அப்படின்னு சொல்லிடறேன். கடைசில வர்ற எ, ஒ எல்லாம் குறில்தான், ஏ ஓன்னு இழுத்துடாதீங்க.

"அவங்க" ஃபார்ம் சொன்னா யாருக்கும் புரியல

இதுதான் நம்ம ஆளுங்க கிட்ட நான் அதிகம் பாத்த கோளாறு. "பேசறாங்க"ன்னு சொல்ல பர்-'லா-னொன்னு நடுவுல அழுத்துவோம், ஏன்னா இத்தாலியன்ல முக்காவாசி வார்த்தைக்கு கடைசிக்கு முந்தின அசையிலதான் அழுத்தம்னு முதல் பாடத்துலயே சொல்லிட்டாங்க. வெர்ப்ல "அவங்க" ஃபார்ம் அந்த ரூலுக்கு அடங்காது. சரியானது 'பர்-ல-னொ. சிம்பிளா ஒண்ணு பிடிச்சுக்கோங்க: "நான்" ஃபார்ம்ல எந்த அசையில அழுத்தமோ "அவங்க"லயும் அதே அசையில, பின்னாடி ஒட்டற னொவுக்கு வெயிட்டே கிடையாது. நான் பேசறேன் 'பர்-லொ, அவங்க 'பர்-ல-னொ. நான் குடியிருக்கேன் 'ஆ-பி-தொ, அவங்க 'ஆ-பி-த-னொ. நான் ஃபோன் பண்றேன் தெ-'லே-ஃபொ-னொ, அவங்க தெ-'லே-ஃபொ-ன-னொ. கடைசிலேர்ந்து எண்ணினா நாலாவது அசை, மூச்சு முட்டற மாதிரி இருக்கும், ஆனா அப்படித்தான்.

"நான்" ஃபார்ம்லயே எங்க அழுத்தம்னு தெரியலைன்னா? ரெண்டு அசை இருந்தா பிரச்னையே இல்ல. மூணு நாலு இருந்தா அகராதிதான் கதி, இல்லன்னா அதே மாதிரி இருக்கற பெயர்ச்சொல்லை பிடிங்க: டெலிஃபோன் தெ-'லே-ஃபொ-னொ, "ஃபோன் பண்றேன்"னும் அதேதான், வேலை ல-'வோ-ரொ, "வேலை செய்யறேன்"னும் ல-'வோ-ரொ. (ஆபிதொன்னா டிரஸ்ஸுன்னும் அர்த்தம் இருக்கு, அதுக்கும் அதே அழுத்தம்தான், பயப்படாதீங்க.)

"நாம", "நீங்க" ரெண்டு ஃபார்முக்கும் மட்டும் வெயிட் வலது பக்கம் நகரும்: பர்-'ல்யா-மொ, பர்-'லா-தெ. இந்த நகர்வு புரிஞ்சா, தாறுமாறுன்னு நாம நெனைக்கற சில வெர்ப் கொஞ்சம் அடங்கும். நான் வெளிய போறேன் 'எஸ்-கொ, நாம வெளிய போறோம் உஷ்-'ஷா-மொ. நான் உக்காரறேன் 'ஸ்யே-தொ, நாம உக்காரறோம் ஸெ-'த்யா-மொ. அழுத்தம் அடிவேர்ல விழறப்ப உயிரெழுத்து ஒரு மாதிரி, அங்கேர்ந்து போனதும் வேற மாதிரி.

எரெ-ல முடியற வெர்ப்புக்கு எங்க அழுத்தறதுன்னே தெரியல

"பாக்க" வெ-'தே-ரெ, ஆனா "எடுக்க" 'ப்ரென்-தெ-ரெ. "இருக்க, வெச்சிருக்க" அ-'வே-ரெ, ஆனா "எழுத" 'ஸ்க்ரீ-வெ-ரெ. எழுத்துல ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரி முடியுது. காரணம் லத்தீன்ல இது ரெண்டு தனி குடும்பம், ஒண்ணுல நெடில் ஏ, இன்னொண்ணுல குறில் எ, இத்தாலியன்ல ரெண்டும் ஒரே வீட்டுல வந்து குடியேறிடுச்சு, பழைய அழுத்தம் மட்டும் மிச்சம். அதுலயும் கட்சி மாறினவங்க உண்டு: "விழ" க-'தே-ரெ, "தெரிஞ்சிருக்க" ஸ-'பே-ரெ ரெண்டும் லத்தீன்ல குறில் குடும்பம், இங்க நெடில் பக்கம் தாவிடுச்சு, "சிரிக்க" 'ரீ-தெ-ரெ நேர் எதிரா தாவிடுச்சு. குறுக்கு வழி கிடையாது. ஆனா அடிக்கடி வர்ற வெர்ப்ல ஏ-ல அழுத்தம் விழற கூட்டம் சின்னது: அவேரெ, ஸபேரெ, வெதேரெ, பொதேரெ, தொவேரெ, வொலேரெ, கதேரெ, தெனேரெ, ரிமனேரெ, ப்யச்சேரெ. இதை பாட்டு மாதிரி சொல்லி வெச்சுக்கிட்டு, மத்த எரெ எல்லாத்துக்கும் முன்னாடி தள்ளி அழுத்துங்க, பெரும்பாலும் தப்பாது.

"வருவோம்"னு சொன்னா "ஆனா?"ன்னு கேக்கறாங்க

இது எனக்கே நடந்தது. வீட்டு ஓனரம்மாவுக்கு "நாளைக்கு வருவோம்"னு மெசேஜ் போட்டேன், அந்தம்மா ஒரே ஒரு வார்த்தை பதில், "மா?", அதாவது "ஆனா?" வெர்-'ரே-மொன்னு ஒத்தை ம போட்டிருக்கணும், நான் ரெண்டு ம போட்டு வெர்-'ரெம்-மொ ஆக்கிட்டேன். ஒத்தை மன்னா வருவோம், ரெண்டு மன்னா "வரலாம்தான்"னு ஒரு இழுவை, பின்னாடி ஒரு ஆனா வரும்னு அவங்க காத்திருப்பாங்க. எல்லா வெர்ப்புக்கும் இதே கதை: பர்-லெ-'ரே-மொ பேசுவோம், பர்-லெ-'ரெம்-மொ (முடிஞ்சா) பேசுவோம்தான்.

இங்க நமக்கு ஒரு பெரிய லாபம் இருக்கு, அதை யாரும் சொல்லித் தரல. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு இந்த ஒத்தை, ரெட்டை வித்தியாசம் காதுல விழறதே கஷ்டம். நமக்கு புளி, புள்ளி, கலை, கல்லைன்னு பொறந்ததுலேர்ந்து பழக்கம். அதோட குறில் நெடிலும் நம்ம கையில இருக்கு. இத்தாலியன்ல குறில் நெடில்னு தனி எழுத்து இல்ல, ஆனா சத்தம் இருக்கு: அழுத்தம் விழற அசை உயிர்ல முடிஞ்சா இழுத்துச் சொல்லணும், மெய்ல முடிஞ்சா வெட்டிச் சொல்லணும். 'ரே-மொ இழுவை, 'ரெம்-மொ வெட்டு. ஸ்கூல்ல நேரசை பிரிச்சது ஞாபகம் இருந்தா, அழுத்த அசை ஒண்ணு நெடிலா வரும், இல்லன்னா குறிலோட ஒற்று சேந்து வரும்னு வெச்சுக்கோங்க. வார்த்தையோட கடைசி அசையில அழுத்தம் வந்தா மட்டும் விதிவிலக்கு, அது எப்பவும் குறில்: "பேசுவேன்" பர்-லெ-'ரொ, ரோன்னு நீட்டக்கூடாது. அதே மாதிரி "பேசறேன்" 'பர்-லொ, ர்-ல மூடிடுது, அதனால பார்லோ இல்ல. இந்த ஒரு ரூலை பிடிச்சதுக்கு அப்புறம் என் பேச்சு மாறினது மாதிரி வேற எதுக்கும் மாறல.

இந்த ஃபார்ம் எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சா ஸ்பெல்லிங்கும் நிக்கும். எதிர்காலம்ங்கறது "பேச"ங்கற முழு வார்த்தையோட பின்னாடி "எனக்கு இருக்கு"ங்கற வெர்ப் ஒட்டி வந்தது: எனக்கு இருக்கு 'ஒ, அதான் பர்லெ'ரொ, அவங்களுக்கு இருக்கு 'அன்-னொ, அதான் பர்-லெ-'ரன்-னொ. பின்னாடி ஒட்டின பாகத்துல இடி மாதிரி அழுத்தம் விழறது அதனாலதான், அங்க இன்னொரு வெர்ப் ஒளிஞ்சிருக்கு. "பேசலாம்தான்" ஃபார்ம்ல ஒளிஞ்சிருக்கறது அதே வெர்ப்போட இறந்தகாலம், 'எப்-பெ, அதான் பர்-லெ-'ரெப்-பெ, அந்த ரெண்டு ப-வும் (பம்பரத்துல நடுவுல வர்ற ப) அங்கேர்ந்து வந்த சொத்து.

எது காலம், எது ஆளுன்னு பிரிச்சுப் பாக்க வரல

பகுபத உறுப்பிலக்கணம் போட்ட ஆளுங்க நாம, இதுக்கு போய் பயப்படலாமா. "பேசிட்டு இருந்தேன்" பர்-'லா-வொ: பர்ல் பகுதி, ஆ எந்தக் குடும்பம்னு சொல்ற உயிர், வ் காலம் காட்டற இடைநிலை, ஒ நான்னு சொல்ற விகுதி. வந்தேன்ல "ஏன்" இருக்கறதால நான்னு தனியா சொல்லத் தேவையில்லாத மாதிரி அங்கயும் "இயொ"ன்னு சொல்ல வேண்டாம், வரிக்கு வரி இயொ இயொன்னு சொன்னா "நான் நான்"னு மார் தட்டற மாதிரி இருக்கும். ஒரு இடத்துல மட்டும் ஏமாத்தும்: ஆசை, சந்தேகம் சொல்ற ஃபார்ம்ல நான், நீ, அவன் மூணுக்கும் 'பர்-லி தான், அங்க ஆளைச் சொல்லிடுங்க.

அழுத்தம் பழைய கதைதான், பர்-'லா-வொ, பர்-'லா-வ-னொ, நாம, நீங்க ரெண்டுக்கும் மட்டும் நகரும், பர்-ல-'வா-மொ, பர்-ல-'வா-தெ.

நான் பேசினா ஸ்பானிஷான்னு கேக்கறாங்க

இது முழுக்க தமிழ் வாய் பண்ற வேலை. தமிழ்ல ரெண்டு உயிருக்கு நடுவுல ஒத்தையா வர்ற க, த, ப எல்லாம் தானாவே மெத்துன்னு ஆயிடும், ரெட்டையா வந்தாதான் கெட்டி. இத்தாலியன்ல அப்படி இல்ல, ஒத்தைலயும் கெட்டி உண்டு, ரெட்டைலயும் மெத்து உண்டு. "சொல்றேன்" 'தீ-கொ, முதல் த பந்துல வர்ற த, அடுத்த க பக்கத்துல வர்ற க, ஆனா ஒரே ஒரு க. அதை தங்கத்துல வர்ற க-வா மெத்துன்னு சொன்னீங்கன்னா நெஜமாவே ஸ்பானிஷ்ல "சொல்றேன்" ஆயிடும். சரி, கெட்டியா சொல்றேன்னு தீக்கொன்னு ரெட்டிச்சாலும் தப்பு. மொதல்ல 'தீ-ன்னு இழுத்து நிறுத்திட்டு அப்புறம் கொ சொல்லிப் பாருங்க, வந்துடும்.

அதுக்கு நேர் எதிர், "விழறான்" 'கா-தெ, "விழுந்தான்" 'கத்-தெ. ரெண்டாவதுல ரெண்டு த-வும் பந்துல வர்ற மெத்தான த, நம்ம "கத்தி" மாதிரி சொன்னா தப்பு. நாக்கை பல்லுக்குப் பின்னாடி வெச்சு அழுத்தி, தொண்டை அதிர்வை விடாம ஒரு செகண்ட் பிடிங்க. "குடிக்கறான்" 'பே-வெ, "குடிச்சான்" 'பெவ்-வெ, இது ஈஸி. இந்த இறந்தகால ஃபார்ம் வடக்குல பேச்சுல அவ்வளவா வராது, கதைப் புத்தகத்துலதான். சிசிலில பேச்சுலயே சாதாரணமா வரும், பலெர்மோல இருக்கற ஈழத்துச் சொந்தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

இன்னொண்ணு, இங்கிலீஷ் பழக்கத்துல ட போடறது. இத்தாலியன்ல ட-வே கிடையாது, எல்லாம் பல்லுல படற த. பர்லாடெ இல்ல, பர்'லாதெ.

ஒரே வெர்ப்ல சத்தம் மாறுது, ஹெச் வேற திடீர்னு முளைக்குது

ரெண்டு குடும்பம் ரெண்டு குணம், கலந்துடாதீங்க. அரெ-ல முடியற குடும்பத்துல சத்தம்தான் முக்கியம், அதை காப்பாத்த ஸ்பெல்லிங்கை மாத்துவாங்க: "தேடறேன்" 'ச்செர்-கொ, "தேடற" 'ச்செர்-கி. சி எழுத்துக்கு பின்னாடி இ வந்தா அது பச்சைல வர்ற ச-வா மாறிடும், அதைத் தடுக்க நடுவுல ஒரு ஹெச்சை காவலுக்கு நிறுத்தறாங்க. "காசு குடுக்கறேன்" 'பா-கொ, "குடுக்கற" 'பா-கி (தங்கத்துல வர்ற க), அங்கயும் ஹெச் காவல். எதிர்காலத்துலயும் அதே, ச்செர்-கெ-'ரொ.

எரெ குடும்பத்துல காவல் கிடையாது, ஸ்பெல்லிங்தான் முக்கியம், சத்தம் ஓடிப் போகும்: "படிக்கறேன்" 'லெக்-கொ (தங்கத்துல வர்ற க, ஆனா ரெட்டை), "படிக்கற" 'லெஜ்-ஜி. இதுல ஹெச் போட்டு எழுதினா எந்த டீச்சரும் சுழிச்சுடுவாங்க.

இ-யை சொல்லணுமா வேண்டாமா

"சாப்பிடறான்" 'மன்-ஜ, ரெண்டே அசை. மன்-ஜி-யன்னு மூணு அசையா இழுக்கறது நெறைய பேர் பண்ற தப்பு, அங்க இ எழுத்து ஜ சத்தத்துக்காக வந்த கூலியாள், அதுக்கு தனிச் சத்தம் இல்ல. வேலை முடிஞ்சா அனுப்பிடுவாங்க: "சாப்பிடுவேன்" மன்-ஜெ-'ரொ, எழுத்துலயும் இ காணாம போயிடும், ஏன்னா எ-யே அந்த வேலையை பாத்துக்கும்.

ஆனா இ மேலயே அழுத்தம் விழுந்தா அது முதலாளி. "படிக்கறேன், பாடம் படிக்கறேன்" 'ஸ்தூ-த்யொ ரெண்டு அசை. "அனுப்பறேன்" இன்-'வீ-ஒ மூணு அசை. அதனாலதான் "நீ படிக்கற"ல ஒரே இ, "நீ அனுப்பற"ல ரெண்டு இ எழுதறாங்க.

இரெ-ல முடியற வெர்ப்ல எப்ப இஸ்க் நுழையும்

"புரிய" க-'பீ-ரெ, "புரியுது எனக்கு" க-'பிஸ்-கொ. "தூங்க" தொர்-'மீ-ரெ, "தூங்கறேன்" 'தொர்-மொ, இஸ்க் இல்ல. இரெக்கு முன்னாடி ஒரே ஒரு மெய், அதுக்கு முன்னாடி உயிர்னா பெரும்பாலும் இஸ்க் வரும் (கபீரெ, ஃபினீரெ, ப்ரெஃபெரீரெ, புலீரெ). ரெண்டு மெய் சேந்து இருந்தா பெரும்பாலும் வராது (தொர்மீரெ, பர்தீரெ, ஸென்தீரெ, அப்ரீரெ). "வர", "சாக", "தைக்க", அதாவது வெனீரெ, மொரீரெ, குச்சீரெ மூணும் ரூலை மீறும், "அடிக்க" கொல்பீரெ எதிர்ப்பக்கம் மீறும்.

சத்தத்துல கவனம்: கொ வந்தா பிஸ்-கொ, இ, எ வந்தா க-'பிஷ்-ஷி, க-'பிஷ்-ஷெ, ஷ ரெட்டை. நாம, நீங்க ரெண்டுலயும் இஸ்க் ஓடிடும், க-'ப்யா-மொ, க-'பீ-தெ. ஏன்னு தெரியுதா? அங்க அழுத்தம் விகுதிக்குப் போயிடுச்சு.

நோட்டுல வரி முடியற இடத்துல எங்க வெட்டறது

இத்தாலி குடியுரிமைக்கு 2018 கடைசிலேர்ந்து பி1ங்கற நடுத்தர லெவல் இத்தாலியன் மொழி சர்ட்டிஃபிகேட் கேக்கறாங்க, கையால எழுதறவங்களுக்கு இது தேவைப்படும். ரெட்டை மெய் நடுவுல பிரியும், ல ம ன ர-வுக்கு பின்னாடி மெய் வந்தா அங்கயும் பிரியும், நம்ம ஊர் மாதிரியேதான். ஆனா ஸ்-க்கு பின்னாடி மெய் வந்தா ஸ் அடுத்த அசையோட போகணும்: வாயில க-பிஸ்-கொ, பேப்பர்ல க-பி-ஸ்கொ. வாயும் பேப்பரும் ஒத்துப் போகாத ஒரு இடம் இது. ஞ, ஷ சத்தத்துக்கும், "வேணும்" 'வொல்-ல்யொல வர்ற அந்த வழுக்கற ல சத்தத்துக்கும் சேந்து வர்ற எழுத்துங்களை பேப்பர்ல வெட்டவே கூடாது, வாயில என்னவோ ரெட்டைதான். "கனவு காணறேன்" 'ஸொஞ்-ஞொ, விஞ்ஞானத்துல வர்ற ஞ்ஞ. வழுக்கற ல-வுக்கு நம்ம ள-வை மட்டும் போட்டுடாதீங்க, அதுல நாக்கு மேல மடங்கும், இதுல நாக்கோட நடுப்பகுதி மேலண்ணத்துல படுக்கணும்.

எழுதினதுல ஒண்ணு இருக்கு, பேசறப்ப ரெண்டு கேக்குது

"செஞ்சேன்" எழுத்துல ஒ, ஃபத்தொன்னு ரெண்டு வார்த்தை, ரோம்லயும் ஃப்ளாரன்ஸ்லயும் கேட்டா ஒஃப்-'ஃபத்-தொ. உங்க காது கெட்டுப் போகல. இது நம்ம வல்லினம் மிகும் இடமேதான், "போகச் சொன்னான்"ல ச் வர்ற மாதிரி. நாம எழுதறோம், அவங்க எழுதறதில்ல, அவ்வளவுதான். கடைசில அழுத்தம் இருக்கற வார்த்தைக்கும் சில ஒத்தை அசை வார்த்தைக்கும் அப்புறம் வரும், வீட்டுக்குப் போலாம் அன்-'த்யா-மொ அக்-'கா-ஸ. மிலான் பக்கம் இது மிகாது, நீங்களும் மிகாம பேசினா யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க.

ஒட்டி எழுதற இடத்துல மட்டும் ஸ்பெல்லிங்லயே கட்டாயம்: எனக்கு சொல்லு 'திம்-மி, எனக்கு குடு 'தம்-மி, அதைச் செய் 'ஃபல்-லொ. இப்படி எத்தனை வாலு ஒட்டினாலும் அழுத்தம் நகராது, "அதை எனக்கு அனுப்பு" 'மன்-த-மெ-லொ. வாலு பக்கம் இழுத்துட்டுப் போகாதீங்க.

தலையில கோடு எப்ப போடறது

கடைசி அசையில அழுத்தம் வந்தா கட்டாயம், இல்லன்னா அர்த்தமே மாறும்: 'பர்-லொ பேசறேன், கோடு போட்டா பர்-'லொ பேசினான். ஒத்தை அசைல "இருக்கு"ங்கற எ-க்கு கோடு உண்டு, போடலைன்னா "மற்றும்". "குடுக்கறான்" தவுக்கும் உண்டு, போடலைன்னா "இருந்து". "போறான்" வ, "செய்யறான்" ஃப, "தெரியும்" ஸொ இதுக்கெல்லாம் கிடையாது. "வெச்சிருக்காங்க" அன்னொவுக்கு முன்னாடி சும்மா நிக்கற ஹெச், வருஷம்ங்கற அன்னொகிட்டேர்ந்து பிரிச்சுக் காட்டத்தான், சத்தம் ரெண்டும் ஒண்ணு. வயசு சொல்றப்ப ரெண்டு ன-வையும் அழுத்திச் சொல்லுங்க, ஒத்தை ன போட்டா ஆசனவாய்.

நடுவுல வர்ற எ, ஒ-வை வாய் திறந்து சொல்றதா மூடி சொல்றதான்னு ஒரு பஞ்சாயத்து இருக்கு, ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான், ஊருக்கு ஊர் மாறும், இப்போதைக்கு விட்டுடுங்க. எ-வுக்கு ரெண்டு சத்தம் வெச்சுட்டு ஒரே எழுத்து எழுதற அந்த ஊர்ல 1680ல பொறந்த வீரமாமுனிவர்தான் நம்ம ஊருக்கு வந்து எ-யையும் ஏ-யையும் தனித்தனியா பிரிச்சு எழுத வெச்சார்னு நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

சரியாச்சான்னு எப்படி செக் பண்றது

ஃபோன் கீபோர்டுல இத்தாலியன் சேத்துட்டு மைக்கை தட்டி பேசிப் பாருங்க. வெர்'ரேமொ, வெர்'ரெம்மொ, 'காதெ, 'கத்தெ, 'பர்லொ, பர்'லொ எல்லாம் தனி வார்த்தையா சொல்லுங்க, முழு வாக்கியமா சொன்னா அதுவே ஊகிச்சு திருத்திடும், உங்க தப்பு தெரியாது. பத்துல எட்டு சரியா எழுதினா உங்க ஒற்று நல்லா இருக்கு. காபிதனொ, கபிதானொவுக்கு மட்டும் இது உதவாது, ரெண்டுக்கும் ஸ்பெல்லிங் ஒண்ணுதான், ஃபோன் பேசாம எழுதிட்டுப் போயிடும், அதுக்கு சிரிக்கற ஆளுங்க யாராவது பக்கத்துல வேணும்.